பொக்கட்டுக்குள் சொன்ன பாங்கு

பதினொரு வருடங்கள் பாடசாலை உதைபந்தாட்டப் போட்டிகளுக்கு மத்தியஸ்தராக ஓடியிருக்கிறேன். அத்தனை வருடத்திலும், கோலுக்கு முன்னால் முண்டியடித்துக்கொண்டு நிற்கும் பெடியன்கள் அவ்வளவு பேரையும் ஒரே நொடியில் அசையாமல் நிறுத்தியது ஒரு தடவைதான். விசில் ஊதி நிறுத்தவில்லை. என் காற்சட்டைப் பொக்கட்டுக்குள் கிடந்த போன், கோர்னர் அடிக்கிற நேரம் பார்த்து, அந்தி மஃரிப் தொழுகைக்கு அழைக்கிற பாங்கைச் சொல்லிவிட்டது.

அதையும் பத்து நிமிடம் முந்திச் சொன்னது.

இன்னும் வெட்கமான பகுதி இருக்கிறது. போட்டி தொடங்க முன்னர், "மைதானத்துக்குள் ஒருவரிடமும் போன் இருக்கக் கூடாது" என்று ஒரு சிற்றுரை ஆற்றி, இரண்டு அணிகளின் போன்களையும் வாங்கி, ஒரு சீனிப் பையில் போட்டு முடிச்சுப் போட்டு வைத்தவனும் நானேதான்.

போன கிழமை நான் எழுதியதை வாசித்த ஒருவர், கல்முனைச் சந்தையில் மரவள்ளிக்கிழங்குக் குவியலுக்கு முன்னால் என்னைப் பிடித்து நிறுத்தி, ஒங்கட மடத்தனம் இன்னும் எத்தின கிழமைக்குக் காணும் சேர் என்று அக்கறையாக விசாரித்தார். கையிருப்பு நிறைய இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். இந்த வாரத்துக்கு அதில் நல்லதாக ஒன்றை எடுத்திருக்கிறேன்.

புத்தகம் படித்து வந்தவர்

நான் பந்து விளையாடியவன் அல்ல. பள்ளிக்கூட நாட்களில் அணிக்கு ஓர் ஆள் குறைந்தபோது, என்னைச் சேர்ப்பதிலும் பார்க்கப் பத்துப் பேரோடு விளையாடுவது நல்லது என்று முடிவெடுத்தார்கள். அன்றைக்கு அவர்கள் வென்றும் விட்டார்கள்.

பிறகு ஆங்கிலம் படிப்பிக்கிற ஆசிரியனாகி, மேசைக்குக் கீழே காலை நீட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்தேன். எங்கள் உடற்கல்வி ஆசிரியர் இடமாற்றம் கிடைத்துப் போன வருடம், மத்தியஸ்தர் பயிற்சிக்கு ஒருவரை அனுப்பச் சொல்லி வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அதிபர் அந்தக் கடிதத்தோடு வருவதைக் கண்டதும் ஆசிரியர் அறையில் இருந்தவர்கள் எல்லோரும் ஒவ்வொரு வேலை சொல்லி வெளியே போய்விட்டார்கள். நான் ஒரு தடித்த நாவலுக்குள் தலையைக் கொடுத்திருந்தேன். தலையைத் தூக்கியபோது என் பெயர் எழுதப்பட்டிருந்தது.

எழுத்துப் பரீட்சையில் முதலாவதாக வந்தேன். ஓட்டப் பரீட்சையில் கடைசிக்கு முந்தியவராக வந்தேன். கடைசியாக வந்தவருக்குக் காலில் கட்டுப் போட்டிருந்தது.

ஆனால் அந்த விதிப் புத்தகம் எனக்குப் பிடித்துப்போயிற்று. ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் எங்கோ ஒரு நாட்டில் எவனோ ஒரு மடையன் செய்த வேலை ஒளிந்திருப்பது தெரியும். பார்வையாளர் ஒருவர் விசில் ஊதி ஆட்டத்தைக் குழப்பினால் என்ன செய்வது என்றுகூட எழுதியிருக்கிறார்கள். யார் அந்தப் பார்வையாளர் என்று படுக்கையில் கிடந்து யோசித்திருக்கிறேன்.

எங்கள் கரையில் தேவைப்படுகிற விதிகள்தான் அதில் இல்லை. கோல் கம்பத்தில் கட்டிய வலை, முந்தாநாள் வரைக்கும் கடலில் கிடந்த வலை. அதன் கண்ணுக்குள் பந்து மாட்டினால் பிரித்தெடுக்க ஒரு மீனவர் வர வேண்டும். பெனால்டி அடிக்கிற இடத்தில் ஒரு பசுமாடு வந்து படுத்துவிட்டால் அதற்கு எந்த அட்டையைக் காட்டுவது? ஒரு தடவை மஞ்சள் அட்டையால் விசுக்கிப் பார்த்தேன். அது அட்டையை நக்கியது.

பிறந்த ஊர், கட்டின ஊர்

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பது. இருபத்தைந்து வயதில் இரண்டு சாரனும் ஒரு பெட்டிப் புத்தகமுமாகப் போய் இறங்கினேன். இன்றைக்குத் தலை நரைத்து, மூக்குக்கண்ணாடி தடித்த பிறகும் அந்த ஊருக்கு நான் 'மாப்பிள்ளை'தான்.

நான் பிறந்த ஊர் தெற்கே இருக்கிறது, கட்டின ஊர் வடக்கே. நடுவில் கல்முனை பஸ் நிலையம். ஊர்களின் பெயர்களை எழுதமாட்டேன். இரண்டு இடத்திலும் எனக்கு மீன் வாங்க வேண்டியிருக்கிறது.

பத்துக் கிலோமீற்றருக்குள் இருக்கிற இந்த இரண்டு ஊர்ப் பள்ளிக்கூடங்களும் மோதினால் எனக்கு இரண்டு பக்கத்திலும் ஏச்சு விழும். தெற்கு ஊருக்கு ஒரு கோல் கொடுத்தால், 'மாப்பிள்ளைக்குப் பிறந்த மண் பாசம்' என்பார்கள். வடக்கு ஊருக்குக் கொடுத்தால், 'பொஞ்சாதி வீட்டுச் சோறு கதைக்குது' என்பார்கள். இதனால் இந்த இரண்டு பள்ளிக்கூடங்களின் போட்டியை மட்டும் ஏதாவது காய்ச்சல், வயிற்றுக்குத்து சொல்லித் தவிர்த்து வந்தேன்.

அந்த வருடம் வலயத்தில் மற்ற இரண்டு மத்தியஸ்தர்களுக்கும் உண்மையாகவே டெங்குக் காய்ச்சல். போட்டியோ இறுதிப் போட்டி. வெல்கிற அணி மாகாண மட்டத்துக்குப் போகும்.

வடக்குப் பள்ளிக்கூடத்தின் கோல் காப்பாளன் ஹம்தான். என் மனைவியின் தம்பி நௌஸரின் மகன். உயர்தரப் பரீட்சை எழுதப்போகிற பெடியன். மூன்று வருடமாக அரையிறுதியில் தோற்று, பள்ளிக்கூட வாழ்க்கையில் கடைசியாக ஒரு தடவை இறுதிப் போட்டிக்கு வந்திருந்தான். வீட்டில் என்னை 'மாமா' என்பவன், மைதானத்தில் 'சேர்' என்றுதான் கூப்பிடுவான். அது எங்களுக்குள் இருந்த ஒப்பந்தம்.

பிரதம அதிதி வந்த நேரம்

போட்டி மூன்றரைக்கு என்று அழைப்பிதழில் இருந்தது. பிரதம அதிதி நாலரைக்கு வந்தார். பொன்னாடை போர்த்தினார்கள். அவர் விளையாட்டின் நற்பலன்களைப் பற்றி, விளையாட வந்த பெடியன்களின் கால் விறைத்துப் போகும்வரை பேசினார்.

அந்தக் கடற்கரை மைதானத்தில் மின்விளக்கு இல்லை. மஃரிப் பாங்கு சொன்னால் ஆட்டம் நிற்கும். இது எந்தப் புத்தகத்திலும் இல்லாத, ஆனால் எல்லாருக்கும் தெரிந்த விதி. பாங்கு கேட்ட இடத்தில் பந்தும் நிற்கும், பெடியன்களும் நிற்பார்கள். நானும் விசிலை வாயிலிருந்து எடுத்துவிடுவேன். பாங்கு நேரம் விசில் ஊதுவது அழகில்லை.

அன்றைக்குக் காலையில் மீன் கழுவுகிற வாளிக்குள் விழுந்து என் மணிக்கூடு நின்றுவிட்டிருந்தது. என் துணை மத்தியஸ்தர் யோகராசா, பாண்டிருப்பில் இருக்கிற உடற்கல்வி ஆசிரியர். கோடு தாண்டிய பந்துக்குக் கொடி தூக்க அவரைப் போல ஓர் ஆள் இந்த மாகாணத்தில் இல்லை. அவர் தன் மணிக்கூட்டைக் கழற்றித் தந்தார். வேண்டாம், போனில் நொடிக்கணக்கே தெரியும், இது விஞ்ஞான யுகம் என்று அவருக்கு விளக்கம் சொன்னேன். யோகராசா மறுபடி மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டார்.

இப்படியாக, போன் தடையிலிருந்து எனக்கு ஒரு விதிவிலக்குக் கிடைத்தது. கொடுத்தவரும் நான், வாங்கியவரும் நான். அழைப்பு மணியை நிறுத்தித்தான் வைத்திருந்தேன். தொழுகை நேரம் சொல்கிற செயலிக்கு அந்த நிறுத்தமெல்லாம் பொருட்டில்லை என்பது எனக்குத் தெரியாது.

கோர்னர்

ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. யாருக்கும் கோல் இல்லை. ஹம்தான் அதுவரைக்கும் நாலைந்து பந்தைப் பாய்ந்து தடுத்திருந்தான். அவனுடைய வாப்பா நௌஸர் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று, ஒவ்வொரு தடவையும் தானும் மண்ணில் விழுந்து எழும்பிக்கொண்டிருந்தார்.

தெற்கு அணிக்குக் கடல் பக்கத்தில் ஒரு கோர்னர் கிடைத்தது. அடிக்கப் போனவன் சிறாஜ். அவன் வாப்பாவுக்குத் தோணித் தொழில். கடற்காற்றில் பந்து எந்த இடத்தில் வளையும் என்பதை அவன் கணக்குப் பாடத்திலும் பார்க்க நன்றாகப் படித்திருந்தான்.

காற்று அவன் முதுகுப் பக்கத்தில் இருந்து எங்கள் பக்கமாக வீசியது. அதனால் அவன் பக்கத்துச் சத்தம் எங்களுக்கு வரும். எங்கள் பக்கத்துச் சத்தம் அவனுக்குப் போகாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோலுக்கு முன்னால் பதினைந்து பதினாறு பேர் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு நிற்க, பக்கத்தில் நின்று, சேர்ட்டைப் பிடித்து இழுக்காதே என்று நான் கத்திக்கொண்டிருந்தேன். விசில் ஊதினேன். சிறாஜ் கையைத் தூக்கினான்.

அப்போதுதான் பாங்கு சொன்னது.

துணிக்குள்ளால் வந்ததால், தூரத்தில் எங்கோ ஒரு பள்ளிவாசலில் சொல்வதுபோல, மெல்லிசாக, இனிமையாக இருந்தது. தள்ளிக்கொண்டிருந்த கைகள் இறங்கின. இரண்டு அணிப் பெடியன்களும் நின்றார்கள். எதிர்ப்பக்கக் கோட்டில் யோகராசாவின் கொடி இறங்கியது. எனக்கே விசில் வாயிலிருந்து நழுவியது. ஹம்தான் இரண்டு கையையும் தொங்கப் போட்டுக்கொண்டு, தலையைக் கொஞ்சம் குனிந்து நின்றான்.

சிறாஜுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவன் அடித்தான். பந்து கடலுக்கு மேலால் போவதுபோல் போய், காற்றில் ஏறி, வளைந்து, ஹம்தானின் தலைக்கு மேலால் தூரத்து மூலைக்குள் போய் மீன் வலைக்குள் மாட்டிக்கொண்டது. கோர்னரிலிருந்து நேரே விழுந்த கோல். விதிப்படி அதில் ஒரு பிழையும் இல்லை.

தெற்கு ஊர்க் கூட்டம் எழுப்பிய சத்தத்தில் மற்றதெல்லாம் அமிழ்ந்துபோயிற்று. அந்தச் சத்தத்துக்குள்தான் என் தொடையில் ஏதோ அதிர்வதை உணர்ந்தேன். கையை விட்டு அழுத்தினேன். பாங்கு பாதியில் நின்றது.

கரண்ட் போனாலும் மோதினார் வெறுந்தொண்டையால் பாங்கைச் சொல்லி முடித்துவிடுகிற ஊர் இது. பாதியில் நின்ற பாங்கை எங்கள் கரையில் எவரும் கேட்டதில்லை. அப்போதுதான் எனக்கு விஷயம் முழுக்க விளங்கியது.

கறுப்பு அட்டை

யோகராசா ஓடி வந்தார். தனக்குப் பாங்கு கேட்டதாகவும், இருபது வருடப் பழக்கத்தில் கை தானாக இறங்கியதாகவும் சொன்னார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"ஆனா சேர், நேரத்துக்கு இன்னும் பத்து நிமிசம் கிடக்கு. எந்தப் பள்ளியில சொன்னது?"

ஒரு பள்ளிவாசலிலும் சொல்லவில்லை. எல்லாரும் காதைக் கொடுத்துப் பார்த்தார்கள். கடல் இரைச்சல்தான் கேட்டது. கோட்டுக்கு வெளியே கத்திக்கொண்டு நின்றவர்களில் யாரும் எதையும் கேட்டிருக்கவில்லை. கேட்டு நின்ற தெற்குப் பெடியன்கள், சிறாஜைத் தூக்கிக்கொண்டு திரிந்ததில் கேட்டதை மறந்துவிட்டார்கள். வடக்கு அணிப் பெடியன்கள், கேட்டதா இல்லையா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கம்பத்துக்குப் பின்னால் நௌஸர், பெத்த பிள்ளையைப் பார்த்து, கனவு கண்டுகொண்டா நிண்ட என்று கேட்டார். அவருக்குக் காற்று தடையாக இல்லைதான். ஆனால் அவர் அந்த நேரம் மண்ணில் விழத் தயாராகிக்கொண்டிருந்தார், பாங்கு காதில் ஏறவில்லை.

கோட்டுக்கு வெளியே நின்ற வடக்கு ஊர்ப் பெடியன் ஒருவன், ஹம்தானைக் காட்டி, "வேற கிரகத்துப் பாங்கு கேட்டிருக்கும்" என்றான். சிரித்தார்கள். எங்கள் ஊர்களில் ஒருவனுக்குப் பட்டப்பெயர் எப்படி விழுகிறது என்று எனக்குத் தெரியும். ஒரு பின்நேரத்தில் விழும்; பிறகு கபுறுக் குழி வரைக்கும் கூடவே வரும்.

ஹம்தான் என்னிடம் வந்தான். முறைப்பாடு செய்ய வரவில்லை. தன் காதில் என்ன கோளாறு என்று கேட்க வந்தவன் மாதிரி வந்தான்.

"பாங்கு சொன்னிச்சே மாமா."

மைதானத்தில் முதல் தடவையாக 'மாமா' என்று கூப்பிட்டான்.

உண்மையை எழுத வேண்டுமானால், நான் உடனே வாயைத் திறக்கவில்லை. நொடிக்கணக்குப் பார்க்கிற போனே கைக்குள் இருந்தும், எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பேசாமல் நடுக்கோட்டைக் கையால் காட்டினால் கோல் நிற்கும். என் பிறந்த ஊர் என்னைக் கொண்டாடும். போனைப் பற்றி ஒருவருக்கும் தெரியாது. பையில் கட்டி வைத்த முப்பது போன்களுக்கும் தெரியாது.

சொன்னால், சிறாஜின் அடி போய்விடும். அவன் செய்த பிழை ஒன்றுமில்லை. அதோடு நாளைக் காலையில் தெற்கு ஊரில் நான் மீன் வாங்கப் போக முடியாது.

ஹம்தான் இன்னும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பொக்கட்டுக்குள் கையை விட்டேன். அட்டைதான் வருகிறது என்று எல்லாரும் நினைத்தார்கள். போனை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். என் மத்தியஸ்த வாழ்க்கையில் நான் காட்டிய ஒரேயொரு கறுப்பு அட்டை அதுதான். எனக்கு நானே காட்டிக்கொண்டது.

"பாங்கு சொன்னது இது. ஹம்தான் கேட்டது சரி. கோர்னரைத் திரும்ப அடிக்கோணும்."

உடனே இரண்டு ஊரும், கல்முனை வரலாற்றில் முதல் தடவையாக, ஒன்றாகச் சேர்ந்து என்னைக் கேலி செய்து கூப் போட்டன. கூட்டத்துக்குள்ளிருந்து ஒருவர், பொக்கட்டுக்குள் இருக்கிற மோதினாரை வெளியே விடுங்க சேர், மூச்சு முட்டப்போகுது என்றார். சீனிப் பையில் எனக்கும் ஓர் இடம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார் இன்னொருவர்.

சிறாஜ் தோளிலிருந்து இறங்கி வந்தான். "என்னில என்ன பிழ சேர்?" என்று கேட்டான். உன்னில் ஒரு பிழையும் இல்லை மனே, என்னில்தான் என்றேன். அவன் வலையிலிருந்து பந்தைப் பிரித்தெடுத்துக்கொண்டு, திரும்பவும் கடல் பக்கத்து மூலைக்கு நடந்தான்.

போனை யோகராசாவிடம் கொடுத்தேன். அவர் அதை, உயிருள்ள நண்டைப் பிடிப்பதுபோல் இரண்டு விரலால் பிடித்து எட்டத்தில் வைத்தார். தன் மணிக்கூட்டைக் கழற்றித் தந்தார். இம்முறை வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இரண்டாவது தடவை எல்லாரும் விழிப்பாக இருந்தார்கள். ஹம்தான் விரல்களை விரித்து, முழங்காலை மடித்து, பந்தையே பார்த்து நின்றான். நான் மூச்சையும் பொக்கட்டையும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பந்து கடலுக்கு மேலால் போவதுபோல் போனது. காற்றில் ஏறியது. வளைந்தது. ஹம்தான் பாய்ந்தான். அவன் நடுவிரல் பந்தில் பட்டதை நான் என் கண்ணால் கண்டேன். பட்டும், அதே மூலைக்குள், அதே வலைக்கண்ணுக்குள் போய் மாட்டிக்கொண்டது.

மீதி நிமிடங்களில் ஒன்றும் நடக்கவில்லை. பாங்கு சொன்னது, இம்முறை பள்ளிவாசலில். எல்லாரும் நின்றார்கள். நின்றபடியே ஒரு பார்வை என் பொக்கட்டைப் பார்த்துக்கொண்டார்கள். பாங்கு முடிந்த பிறகு கடைசி விசிலை ஊதினேன். பெடியன்கள் கடற்கரைப் பள்ளிவாசலுக்கு ஓடினார்கள். நான் போட்டி அறிக்கையை எழுத உட்கார்ந்தேன். 'ஆட்டம் தடைப்பட்டிருப்பின் காரணம்' என்ற கட்டத்தில் 'மத்தியஸ்தர்' என்று எழுதி ஒப்பமிட்டேன்.

வீட்டில்

தெற்கு ஊரின் முறைப்பாடு, அந்தப் பெடியனை என்னத்துக்கு ரெண்டு தரம் அடிக்க வெச்ச என்பது. வடக்கு ஊரின் முறைப்பாடு, மாப்பிள்ளை அவங்களுக்கு ஓர் ஒத்திகையும் வெச்சுக் குடுத்த என்பது. இரண்டிலும் நியாயம் இருந்தது.

வீட்டுக்குப் போனபோது நௌஸரும் ஹம்தானும் எனக்கு முந்தி வந்து உட்கார்ந்திருந்தார்கள். நௌஸர் என் முகத்தைப் பார்க்காமல் பிளேன்டீயைக் குடித்தார். அவருடைய சேர்ட்டில் இன்னும் மண் இருந்தது. என் மனைவி ரஹீமா எனக்கும் ஒரு கோப்பையை வைத்தாள்.

மன்னிப்புக் கேட்க நான் வாயெடுக்க முன்னரே ஹம்தான் கதைத்தான். "ரெண்டாந்தரம் நான் சரியாத்தான் நிண்ட மாமா. விரலும் பட்ட. அப்பிடியும் போயிட்டு." நடுவிரலைத் தூக்கி, அதில் ஏதாவது அடையாளம் இருக்கிறதா என்று பார்த்தான். "அது நல்ல அடி."

நௌஸர் மகனைப் பார்த்தார். பிறகு என் பக்கம் சீனிக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தார். எங்கள் குடும்பத்தில் அது சமாதான உடன்படிக்கை.

அந்தத் தைரியத்தில் நான் விளக்கம் சொல்லத் தொடங்கினேன். விதிப் புத்தகத்தில் பார்வையாளரின் விசில் பற்றி என்ன இருக்கிறது, ஊர் இரண்டாக இழுக்கும்போது மனிதன் எப்படி நடுவில் நிற்க வேண்டும், உண்மை சொல்வதற்கு எவ்வளவு விலை என்றெல்லாம் பிளேன்டீ ஆறும்வரை பேசினேன். பிரதம அதிதியின் குரல் எனக்கு வந்துவிட்டிருந்தது. எல்லாவற்றுக்கும் காரணம், நேரம் தெரியாமல் பத்து நிமிடம் முந்திக் கூவிய அந்தக் கெட்டுப்போன செயலி என்று முடித்தேன்.

ரஹீமா முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, மஃரிபுக்கு ஜமாஅத்து கிடைச்சதா என்று கேட்டாள். அறிக்கை எழுதினதில் பிந்திவிட்டது, பள்ளிவாசலில் கூட்டுத் தொழுகை முடிந்து தனியாகத்தான் தொழுதேன் என்றேன்.

அவள் மேசையில் கிடந்த போனை எடுத்தாள்.

"இது கெட்டுப் போகல்ல. கிரவுண்டுல நிண்டு கதைச்சுக் கதைச்சு ஒரு நாளும் ஜமாஅத்துக்குப் போறல்ல எண்டுதான், பத்து நிமிசம் முந்திச் சொல்ல நான் வெச்ச. அப்பிடியும் கிடைக்கல்ல எண்டா, இனி இருபது வெக்கோணும்."